உங்கள் ராசிக்கு எந்த நறுமணம்? கொங்கு வீடுகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ராசிக்கேற்ற நறுமண எண்ணெய் என்று ஒரு பெட்டியை வாங்கி வந்திருக்கிறீர்கள். மூடியைத் திறப்பதற்கு முன் அதன் மேல் அச்சிட்ட பட்டியலை ஒருமுறை பாருங்கள். ராசிக்கு எதிரே மார்ச் 21 முதல் ஏப்ரல் 19 வரை என்று ஆங்கிலத் தேதி போட்டிருந்தால், அது நம் ஜாதகத்தில் இருக்கும் ராசி இல்லை. கோவையிலும் ஈரோட்டிலும் புதிதாக இதில் இறங்குகிறவர்களில் பலர் இங்கேயே வழி தவறிவிடுகிறார்கள். எனவே எண்ணெயைப் பிறகு பார்க்கலாம், முதலில் ராசியைச் சரிசெய்துகொள்வோம்.

முதல் படி: சரியான ராசி

மேற்கத்திய சோதிடத்தில் பிறந்த நாளன்று சூரியன் நிற்கும் இடமே ராசி. மே 1 அன்று பிறந்தவர் அவர்கள் கணக்கில் ரிஷபம். நம் பஞ்சாங்கப்படி அன்று சூரியன் மேஷத்தில் இருக்கிறது. சித்திரை மாதம் முழுக்க அங்கேதான் இருக்கும். இரண்டு கணக்குக்கும் இடையே இன்றைக்கு ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம் உண்டு. அதற்கும் மேலாக, “என்ன ராசிங்க?” என்று கேட்டால் நாம் சூரியனை வைத்துப் பதில் சொல்வதில்லை. பிறந்த நேரத்தில் சந்திரன் எந்த வீட்டில் இருந்தாரோ அதுதான் நமக்கு ஜென்ம ராசி.

நறுமணத்துக்கு ஜென்ம ராசியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. சோதிடத்தில் சந்திரன் மனோகாரகன், மனத்துக்கு உரியவர். வாசனை முதலில் தொடுவதும் மனத்தைத்தான். மூக்கிலிருந்து போகும் நரம்புகள் உணர்ச்சியும் நினைவும் தங்கும் மூளைப் பகுதிகளோடு நேரடித் தொடர்பு உள்ளவை. லக்னம் தெரிந்தவர்கள் உடம்பில் தேய்க்கும் எண்ணெய்க்கு லக்னத்தைப் பார்க்கலாம், ஏனென்றால் லக்னம் உடலைக் குறிப்பது.

நட்சத்திரம் மட்டும் தெரிந்திருந்தால் பாதத்தையும் கேட்டு வாங்குங்கள். கார்த்திகை முதல் பாதம் மேஷம், மற்ற மூன்று பாதங்களும் ரிஷபம். சித்திரை நட்சத்திரத்தின் முன்பாதி கன்னி, பின்பாதி துலாம். விசாகத்தின் நான்காம் பாதம் மட்டும் விருச்சிகம். வீட்டுப் பெரியவர்கள் குறித்து வைத்த ஜாதக நோட்டு இருந்தால் அதில் எல்லாமே இருக்கும். இல்லையென்றால் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் சொல்லி ஊர் சோதிடரிடம் கணித்துக்கொள்ளுங்கள். நேரத்தைத் தோராயமாகச் சொல்லாதீர்கள். சந்திரன் ஒரு ராசியில் இருப்பதே இரண்டேகால் நாள்தான்.

இந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது

செடியைக் கிரகத்தோடு சேர்ப்பது பழைய வழக்கம். 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் நிக்கலஸ் கல்பெப்பர் என்ற மூலிகை மருத்துவர் ஒவ்வொரு செடியையும் ஒரு கிரகத்தின் கீழ் வைத்து எழுதினார். ரோஸ்மேரி சூரியனுக்கு, லாவெண்டர் புதனுக்கு என்று அவர் வகுத்ததன் சாயல் இன்றைய பட்டியல்கள் பலவற்றிலும் இருக்கிறது. நறுமணத்தால் இதம் தேடும் முறைக்கு அரோமாதெரபி என்ற பெயரைப் பரப்பியவர் ஃபிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே. 1937-இல் வந்த அவருடைய நூலுக்கு அதுதான் தலைப்பு.

நம் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. குருவுக்கு முல்லைப் பூவும் மஞ்சள் நிறமும், சனிக்கு எள்ளும் நல்லெண்ணெயும், சந்திரனுக்கு வெள்ளைப் பூ. கொடுமுடிக் கோயில் வன்னி மரத்தைச் சுற்றி வருகிறவர்களுக்கு, வன்னி சனிக்குரிய சமித்து, அதாவது ஹோமத்தில் இடும் குச்சி, என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு நறுமண எண்ணெய் என்ற பட்டியல் நம் பழைய சோதிட மரபில் வந்தது இல்லை. இரண்டு மரபுகளையும் சேர்த்து இந்தக் காலத்தில் உருவான பழக்கம் அது. ராசிதான் எண்ணெயை வேலை செய்ய வைக்கிறது என்பதற்கு அறிவியல் சான்றும் கிடையாது. மனத்துக்கு உகந்த வாசனையைத் தேர்ந்தெடுக்கவும், அதை ஒழுங்காகத் தினமும் பயன்படுத்தவும் ராசி ஒரு நல்ல வழித்துணை. நோயைத் தீர்க்க இதை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாம் படி: நெருப்பு, நிலம், காற்று, நீர்

பன்னிரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். நான்கு பூதங்களாகப் பிரித்துக்கொண்டால் போதும். இதில் இரண்டு வழிகள் உண்டு. ராசியின் குணத்தை வளர்க்கும் வாசனையைக் கொடுப்பது ஒன்று, குணம் மிஞ்சும்போது அதைத் தணிக்கும் வாசனையைக் கொடுப்பது இன்னொன்று. மேற்கத்தியப் பட்டியல்கள் பெரும்பாலும் முதல் வழி. நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன்.

மேஷம், சிம்மம், தனுசு மூன்றும் நெருப்பு ராசிகள். வெளிநாட்டுப் பட்டியல்களில் இவர்களுக்கு இலவங்கப்பட்டை, கிராம்பு, இஞ்சி என்று எழுதியிருக்கும். குளிர் நாட்டில் அது பொருந்தலாம். கரூரிலும் ஈரோட்டிலும் கத்திரி வெயிலில், ஏற்கெனவே எதற்கெடுத்தாலும் சூடாகிறவருக்கு இலவங்கப்பட்டையை முகரக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இவர்களுக்கு வெட்டிவேரும் சந்தனமும் முதலில். வெட்டிவேர் எண்ணெய் தேன் போலக் கெட்டியாக இருக்கும். குப்பியைக் கவிழ்த்தால் சொட்டு விழவே நேரமாகும். முதல் முறை முகரும்போது ஈர மண்ணும் புகையும் கலந்த கனத்த வாசனையாகத் தெரிந்து பிடிக்காமல் போகலாம். ஒரு சொட்டை நீர்க்க விட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள், மண்பானையில் வெட்டிவேர் ஊறிய தண்ணீரின் வாசனை வந்து நிற்கும். சிம்மத்துக்கு, சூரியன் அதிபதி என்பதால், காலையில் ஆரஞ்சு எண்ணெய் நன்றாக ஒத்துப்போகும். தனுசுக்கு முல்லை, மல்லிகை இனம்.

ரிஷபம், கன்னி, மகரம் நில ராசிகள். பொறுமையும் உழைப்பும் உள்ளவர்கள், ஆனால் ஒரே இடத்தில் தேங்கிவிடுவார்கள் என்பது பொதுவான கணிப்பு. இவர்களுக்கு எழுப்பிவிடும் வாசனை வேண்டும்: எலுமிச்சைப்புல், புதினா, ரோஸ்மேரி. ரிஷபத்துக்குச் சுக்கிரன் அதிபதி, ரோஜா பொருந்தும். உண்மையான ரோஜா எண்ணெய் எல்லோராலும் வாங்கக்கூடிய விலையில் இருக்காது. அதற்குப் பதில் பாமரோசா வாங்குங்கள். அது ஒரு புல்லிலிருந்து வருவது, ரோஜாவை நினைவூட்டும் வாசனை, விலையும் குறைவு.

காற்று ராசிகள் மிதுனம், துலாம், கும்பம். படுத்த பிறகும் மனம் ஓடிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு லாவெண்டர், சந்தனம், குந்திரிக்கம். கும்பத்துக்கும் மகரத்துக்கும் சனி அதிபதி என்பதால் நல்லெண்ணெயைக் கலப்பு எண்ணெயாக வைத்துக்கொண்டால் மரபுக்கும் பொருந்திவிடும்.

கடகம், விருச்சிகம், மீனம் நீர் ராசிகள். மனம் சட்டென்று கலங்கும் இயல்பு. இங்கேதான் நம் ஊர் மல்லிகைக்கு வேலை. சத்தியமங்கலம் பக்கம் விடியலுக்கு முன்பே தோட்டத்தில் இறங்கி மொட்டாகப் பறிக்கும் மல்லிகை, பூ மார்க்கெட்டில் ஏலத்துக்கு வரும். ஒரு பங்கு வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகளுக்குப் போகும். மல்லிகையைக் கொதிநீராவியில் வடிப்பதில்லை, சூட்டில் அதன் மணம் கெட்டுவிடும். கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற ஒன்றை எடுத்து, அதிலிருந்து ஆல்கஹாலால் மணத்தைப் பிரிக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவிலிருந்து அந்த மெழுகே மூன்று கிலோ அளவுக்குத்தான் கிடைக்கும். எனவே மலிவாகக் கிடைக்கும் மல்லிகை எண்ணெய் பூவிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. கடக ராசிக்காரர் ஒருவர் பெரிய செலவு செய்யத் தயங்கினால், மாலையில் ஒரு முழம் மல்லிகையைத் தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளட்டும். அதுவும் அரோமாதெரபிதான். விருச்சிகத்துக்கும் மீனத்துக்கும் மனம் சோர்ந்த நாட்களில் ஏலக்காயும் ஆரஞ்சும் சேர்த்துப் பார்க்கலாம்.

ராசி இரண்டு மூன்று வாசனையை உங்கள் முன்னால் வைக்கும். அதிலிருந்து ஒன்றை எடுப்பது உங்கள் மூக்கின் வேலை. கொங்கு நாட்டுக் கோயில்களில் வெள்ளையும் சிவப்புமாகப் பூவைப் பொட்டலம் கட்டிப் போட்டுப் பூக் கேட்பது போல, மூன்று காகிதத் துண்டுகளில் ஒவ்வொரு சொட்டு விட்டு, எது எந்த எண்ணெய் என்று தெரியாமல் முகர்ந்து பாருங்கள். உடனே ஒருமுறை, கால் மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை. மறுநாளும் எந்தத் துண்டை எடுக்கக் கை போகிறதோ அதுதான் உங்களுடையது. ராசிக்கு உகந்தது என்று சொன்ன எண்ணெய் உங்களுக்குத் தலைவலி கொடுத்தால், யோசிக்காமல் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: வாங்குவது

கடையில் எசென்ஷியல் ஆயில் என்று கேளுங்கள். வாசனை எண்ணெய் என்று பொதுவாகக் கேட்டால் விளக்குக்கும் கார்களுக்கும் விற்கும் செயற்கைக் கலவையை எடுத்துக் கொடுப்பார்கள். உறையில் செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, தொகுதி எண், காலாவதி ஆகியவை இருக்க வேண்டும். அடர்நிறக் கண்ணாடிக் குப்பி கட்டாயம். பிளாஸ்டிக் புட்டியில் இருப்பதைத் தொடாதீர்கள். பன்னிரண்டு ராசி எண்ணெய்களும் ஒரே விலை என்றால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வந்துவிடலாம். ஆரஞ்சும் சந்தனமும் ஒரே விலைக்கு வரவே முடியாது.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு உலர விடுங்கள். எலுமிச்சைப்புல், புதினா, யூகலிப்டஸ் போன்றவை பறந்து போன பின் தாளில் பளபளக்கும் எண்ணெய்க்கறை நிற்கக் கூடாது. நின்றால் சமையல் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது. சந்தனத்துக்கும் வெட்டிவேருக்கும் இந்தச் சோதனை பயன்படாது, அவை இயல்பிலேயே கனமானவை.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் சாலையோரக் கடைகளில் நீலகிரித் தைலம் கிடைக்கும். யூகலிப்டஸ் இலையை வடித்து எடுப்பது. அதே கடைகளில் மூட்டு வலிக்கு என்று வின்டர்கிரீன் தைலமும் வைத்திருப்பார்கள். இரண்டாவதில் மிகுந்த கவனம் தேவை. அது கிட்டத்தட்ட முழுக்க மீதைல் சாலிசிலேட் என்ற பொருள். ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் ஏழு கிராம் ஆஸ்பிரின் சாப்பிட்டதற்குச் சமம், அது குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தோலில் தேய்க்கவே கூடாது. ராசிப் பட்டியல் எதிலாவது அதைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள்.

நான்காம் படி: கலப்பது

எந்த நறுமண எண்ணெயையும் நேராகத் தோலில் போடக் கூடாது. கலந்துதான் போட வேண்டும், கலக்க நம் ஊரில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கத்துத் தேங்காய் எண்ணெய், மரச்செக்கு நல்லெண்ணெய் இரண்டும் போதும். செக்கு நல்லெண்ணெயின் சொந்த வாசனை பலமானது, மல்லிகையும் லாவெண்டரும் அதில் அமுங்கிவிடும்; வெட்டிவேர், சந்தனம், இஞ்சி ஆகியவை நிமிர்ந்து நிற்கும். மென்மையான பூ வாசனைகளுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. மார்கழியில் அது உறைந்துவிடும், குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் இளகும்.

அளவை நினைவில் வையுங்கள். ஒரு மில்லி என்பது ஏறத்தாழ 20 சொட்டு. பெரியவர்களின் உடம்புக்கு 2 சதவீதம் வரை போகலாம்: 30 மில்லி எண்ணெய்க்கு 12 சொட்டு. முகத்துக்கும் வயதானவர்களுக்கும் அதில் பாதி, 6 சொட்டு. மணிக்கட்டில் உருட்டித் தடவும் 10 மில்லி குப்பிக்கு 4 சொட்டுக்கு மேல் வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள். கிராம்பு எண்ணெய் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இலவங்கப்பட்டை எண்ணெயைத் தோலுக்கு வேண்டவே வேண்டாம், காற்றில் பரப்ப மட்டும் வையுங்கள்.

கலந்ததும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விடுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது, ராசிநாதனே அதற்கு அதிபதியாக இருந்தாலும் சரி. எரிச்சலுக்குத் தண்ணீரை ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். எலுமிச்சை, பெர்கமட் எண்ணெய்களைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்தது போலக் கறுத்துவிடும். குறைந்தது 12 மணி நேரம் வெயில் படக் கூடாது, அதனால் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இவற்றை டிஃப்யூசரில் (வாசனையைக் காற்றில் பரப்பும் கருவி) மட்டும் பயன்படுத்துங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். வலிப்பு உள்ளவர்களுக்கு ரோஸ்மேரி, யூகலிப்டஸ், கற்பூரம் ஆகாது. கைக்குழந்தைக்குச் சளி என்றதும் மூக்கில், நெஞ்சில் தைலமும் கற்பூரமும் தடவும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது; பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள், அது மூச்சுத் திணறலிலும் வலிப்பிலும் கொண்டு விடும். பூனை வளர்க்கும் வீட்டில் டீ ட்ரீ எண்ணெய் வேண்டாம். வாய்வழியாக எதையுமே சாப்பிடக் கூடாது. குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: எப்போது, எப்படி

டிஃப்யூசர் இருந்தால் 100 மில்லி தண்ணீருக்கு நான்கைந்து சொட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். டிஃப்யூசர் வாங்க வேண்டும் என்று அவசியமில்லை. ஒரு கிண்ணம் வெந்நீரில் இரண்டு சொட்டு, அல்லது கைக்குட்டையில் ஒரு சொட்டு. பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுவே வசதி.

எண்ணெய்க் குளியல் இதற்கு மிகப் பொருத்தமான நேரம். ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்ற வழக்கத்தை மாற்ற வேண்டாம். 50 மில்லி நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு 10 சொட்டு உங்கள் ராசி எண்ணெயைக் கலந்து உச்சியிலிருந்து தேயுங்கள். அடுப்பில் இருக்கும்போது விட்டால் வாசனை ஆவியாகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும்.

பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும்போது பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் தூசியும் காற்றுமாக மூக்கு அடைத்துக்கொள்ளும். அப்போது எந்த ராசியானாலும் பெரியவர்களுக்கு யூகலிப்டஸ் இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆவி பிடிக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் வேண்டாம். சித்திரை, வைகாசியில் வெட்டிவேரும் சந்தனமும். கார்த்திகை மழையில் இஞ்சி, ஏலக்காய்.

ராசியோடு இதை இணைப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது சந்திராஷ்டம நாட்கள். உங்கள் ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் போகும் இரண்டேகால் நாள் அது; மேஷத்துக்கு விருச்சிகத்தில், ரிஷபத்துக்குத் தனுசில் என்று எண்ணிக்கொள்ளலாம், தினசரிக் காலண்டர் தாளிலேயே போட்டிருப்பார்கள். பேச்சைக் குறை, புதிதாக எதையும் தொடங்காதே என்பார்கள் அந்த நாட்களில். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, மணிக்கட்டில் லாவெண்டரோ சந்தனமோ தடவி, பத்து நிமிடம் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ பேசாமல் உட்காருங்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுங்கள். மாதம் ஒருமுறை தானாகவே வரும் ஓய்வு என்று இதை வைத்துக்கொண்டால், பயந்து கழிக்கும் நாட்கள் எதிர்பார்த்திருக்கும் நாட்களாகும்.

ஒரே வீட்டில் பல ராசிகள்

கணவர் மேஷம், மனைவி கடகம், மாமியார் மகரம் என்றால் கூடத்தில் யாருடைய எண்ணெயை வைப்பது? பொது அறைக்கு யாருக்கும் உறுத்தாத ஒன்றை எடுங்கள். நான்கு பூதத்துக்கும் ஒத்துப்போவது சந்தனம். எண்ணெய் விலை கட்டாது என்றால் சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்து ஒரு வெள்ளித் தட்டில் வைத்தாலும் போதும். வெட்டிவேரைத் துணியில் முடிந்து சன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்பது அடுத்த நல்ல வழி. ராசி எண்ணெய்கள் அவரவர் மணிக்கட்டிலும் தலையணை ஓரத்திலும் இருக்கட்டும். குப்பிகளை ஓர் எஃகு டப்பாவில் போட்டு, பெயரும் திறந்த தேதியும் எழுதி, அடுப்புக்கும் வெயிலுக்கும் குழந்தைகள் கைக்கும் எட்டாத அலமாரியில் வையுங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளைத் திறந்து ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். பழைய வாடை வந்த எண்ணெய் தோலை அரிக்கும், அதைத் தோலில் போடக் கூடாது. சந்தனத்தை மட்டும் அவசரப்பட்டுத் தீர்க்க வேண்டாம், அது வருடம் போகப் போக நன்றாகும்.